முதல் வருஷ செமினார்: கலை, மீடியா பக்கம் எடுக்கலாமா? (ஃபிலடெல்ஃபியா, கணினி அறிவியல்)

கொள்ளிடம்_மதி

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வர்ற ஆகஸ்ட் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் இளநிலை சேர்கிறேன், கணினி அறிவியல். முதல் செமஸ்டருக்கு நாலு பாடம். கால்குலஸ், புரோகிராமிங், கட்டுரை எழுதும் வகுப்பு மூன்றும் முடிவாகிவிட்டன. நாலாவதாக ‘முதல் வருஷ செமினார்’ ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று ஆலோசகர் எழுதியிருக்கிறார். கட்டாயம் கிடையாது.

பட்டியலில் கலை, மீடியா, பண்பாடு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் மூன்று கண்ணில் பட்டன. ஒன்று, மியூசியத்தில் இருக்கும் பொருட்களை வைத்து நடத்துவது. வாரம் ஒரே வகுப்பு, மூணு மணி நேரம், பாதி வகுப்புகள் மியூசியத்துக்குள்ளேயே. இரண்டாவது, தொலைக்காட்சியிலிருந்து ரீல்ஸ் வரை திரையில் வன்முறை எப்படி வருகிறது என்பது. மூன்றாவது, அந்த ஊர் வானொலியும் இசையும். முதல் இரண்டுக்கும் 150 சொல்லில் ‘ஏன் சேர விரும்புகிறாய்’ என்று எழுதி அனுப்ப வேண்டுமாம்.

நான் பன்னிரண்டாவது வரை பயோ-மேத்ஸ். ஓவியம் என்றால் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்ததோடு சரி. அப்பா அந்த இடத்தில் புள்ளியியல் எடு என்கிறார். அம்மா எதுவும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இந்த மாதிரி வகுப்பில் என்ன நடக்கும்? கிரேடு அடி வாங்குமா? யாராவது எடுத்திருக்கிறீர்களா?

எடிசன்_மாமா

வாழ்த்துகள் கண்ணு. நியூ ஜெர்சியில ரொம்ப வருஷமா இருக்கேன், ரெண்டு பசங்களை இங்கேயே காலேஜுக்கு அனுப்பினவன். அந்த உரிமையில கணக்குப் போட்டுக் காட்டறேன்.

தனியார் பல்கலைக்கழகம்னா படிப்புக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு அறுபதாயிரம் டாலருக்கு மேல. வருஷத்துக்கு எட்டுப் பாடம். ஒரு பாடம் குறைஞ்சது 7,500 டாலர். நம்ம ஊர்க் காசுல ஆறு லட்சத்தைத் தாண்டுது. ஸ்காலர்ஷிப் இருந்தா கொஞ்சம் குறையும், சரி. அந்த ஆறு லட்சத்துக்கு ஒரு படத்து முன்னாடி நின்னு ‘எனக்கு இப்படித் தோணுது’ன்னு பேசிட்டு வரணுமா? மியூசியத்துக்கு மாசத்தின் முதல் ஞாயித்துக்கிழமை போ, மனசுக்குப் பட்டதைக் கொடுத்தாப் போதும், உள்ள விட்டுருவாங்க.

அப்பா சொல்றது சரி. புள்ளியியல் எடுத்தா அடுத்த வருஷம் மெஷின் லேர்னிங் வகுப்புக்கு வழி திறக்கும். இன்டர்ன்ஷிப்புக்கு ரெஸ்யூமே பார்க்கறவன் ‘மியூசியப் பொருட்கள்’னு பார்த்தா அடுத்த தாளுக்குப் போயிருவான்.

ஆறாவது_வருஷம்

மதி, நான் மதுரைக்காரி. இங்கே மிட்வெஸ்ட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்கிறேன் (பெயரைப் பார்த்தாலே தெரியும், எப்போ முடிப்பேன்னு யாரும் கேக்காதீங்க). இந்த மாதிரி செமினாருக்குப் பேராசிரியரோடு உதவி ஆசிரியையாக உட்கார்ந்திருக்கிறேன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில், இது லெக்சர் கிடையாது. பெரிய வகுப்புகளில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பீர்கள், பேராசிரியருக்கு உன் முகம் தெரியாது. செமினாரில் பன்னிரண்டிலிருந்து பதினாறு பேர், ஒரே மேசை. நடத்துபவர் பெரும்பாலும் மூத்த பேராசிரியர். பரீட்சை இருக்காது. அதற்குப் பதில் வாராவாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும், நடுவில் ஒரு சின்னக் கட்டுரை, கடைசியில் பத்துப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை. பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு.

மேசை சுத்தி உட்கார்ந்து ஒரே மூலப்பொருளை எல்லாரும் சேர்ந்து ஆராய்வது ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் பழக்கம். ஜெர்மன் வரலாற்றாசிரியர் ரான்கே பெர்லினில் வரலாற்று ஆவணங்களை மாணவர்களோடு இப்படித்தான் வாசித்தார். அங்கேயிருந்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்கு வந்தது. ஆனால் ரொம்ப நாள் அது ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டும்தான். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஹார்வர்ட் 1959இல் ஆரம்பித்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் எட்வின் லேண்ட், போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்தவர். அவரே ஹார்வர்டில் சேர்ந்து படிப்பை முடிக்காமல் போனவர். மாமா கவனிக்க: காசு கொடுத்தது கலை ரசிகர் சங்கம் இல்லை, இயற்பியல் பித்துப் பிடித்த ஒரு தொழிலதிபர்.

கிரேடு பற்றி: பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஹார்வர்டில் இந்த செமினார்களுக்கு எழுத்து கிரேடே கிடையாது, ‘திருப்தி’ அல்லது ‘திருப்தி இல்லை’ மட்டும். லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு யூனிட் செமினார்கள் இருக்கின்றன, தேர்ச்சி உண்டா இல்லையா அவ்வளவுதான். உன்னுடையது முழுப் பாடம் போலத் தெரிகிறது, கிரேடு இருக்கும். சிலபஸ் வெளியிட்டிருந்தால் இங்கே போடு, பார்க்கலாம்.

சும்மா_வந்தவன்

ஈஸியா ஏ கிடைக்குமா, அதை மட்டும் சொல்லுங்க.

ஆறாவது_வருஷம்

@சும்மா_வந்தவன் பி வாங்குவது சுலபம். ஏ கஷ்டம். கால்குலஸில் விடை சரியென்றால் சரி. இங்கே பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தால் ஓரத்தில் ‘இதை எங்கே பார்த்தாய்?’ என்று மட்டும் எழுதித் திருப்பித் தருவார்கள். திரும்ப எழுத வேண்டும்.

ரீல்_சுத்தி

நான் சென்னையில் விஸ்காம் முடித்தவன், இப்போ எடிட்டிங் வேலை. மதிக்கு நேரடியாக உதவுமான்னு தெரியலை, ஆனா இந்த இழையைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சது.

எங்க கல்லூரியில் முதல் செமஸ்டர்லேயே ‘விஷுவல் கம்யூனிகேஷன் அறிமுகம்’னு பேப்பர். அறுபது பேர். தகவல்தொடர்பின் ஏழு வகைகள்னு நோட்ஸ் சொல்லுவாங்க, எழுதுவோம். இன்டர்னல் 25, செமஸ்டர் 75. கேமரா கையில் வந்தப்புறம் எல்லாரும் கேமராவுக்குத்தான் ஓடினோம். ஒரு ஷாட்டை நிறுத்தி வச்சு, இந்த வெளிச்சம் ஏன் இடது பக்கத்திலிருந்து வருதுன்னு அரை மணி நேரம் யாரும் பேச விட்டதில்லை. அதை நான் கத்துக்கிட்டது வேலைக்கு வந்தப்புறம், ஒரு கலரிஸ்ட் அண்ணன்கிட்ட, ராத்திரி ரெண்டு மணிக்கு, டீ வாங்கிக் கொடுத்து.

அதனால மாமா சொல்ற ‘ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துக்கோ’ங்கறது வேலைக்காகாது. தனியாப் போனா செல்ஃபி எடுத்துட்டு வெளியே வந்துருவோம். எழும்பூர் மியூசியத்துக்கு எத்தனை ஸ்கூல் டூர் போயிருப்போம்? வெண்கலக் கூடத்துல எந்த நடராஜரோட எந்தக் கால் எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கா?

எடிசன்_மாமா

தம்பி, ஞாபகம் இல்லாமயே நீங்க எடிட்டர் ஆயிட்டீங்கல்ல.

ரீல்_சுத்தி

ஆயிட்டேன் மாமா. எவ்வளவு லேட்டா ஆனேன்னு என் சம்பளத்தைப் பார்த்தாத் தெரியும்.

நதிக்கரை_நூலகி

மதி, நான் ஃபிலடெல்ஃபியாவிலேயே இருக்கிறேன், நூலக வேலை. உன் கேள்வியைப் பார்த்ததும் முதலில் தோன்றியது: மியூசிய வகுப்பை எடுக்க அமெரிக்காவில் ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இந்த ஊரைத்தான் சொல்வேன். காரணம் இரண்டு.

ஒன்று, பார்ன்ஸ். ஆல்பர்ட் பார்ன்ஸ் என்று ஒரு மருந்து வியாபாரி, ஆர்ஜிரால் என்ற கிருமிநாசினியில் பெரும் பணம் சம்பாதித்தவர். ரெனுவார் வரைந்த ஓவியங்கள் மட்டும் 181, செசான் 69, மத்தீஸ் 59 என்று வாங்கிக் குவித்தார். கூட்டம் வந்து வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல, பாடம் நடத்த. 1922இல் பார்ன்ஸ் அறக்கட்டளையைக் கல்வி நிறுவனமாகவே பதிவு செய்தார். தத்துவ அறிஞர் ஜான் டூயி அதன் கல்விப் பொறுப்பில் இருந்தார். இதற்கெல்லாம் முன்னாடியே தன் மருந்துத் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையில் இரண்டு மணியை வாசிப்புக்கும் விவாதத்துக்கும் ஒதுக்கியிருந்தார். ஓவியங்களைத் தொழிற்சாலைச் சுவரிலேயே மாட்டி, பாட்டிலில் லேபிள் ஒட்டுகிற தொழிலாளர்களை அவற்றைப் பற்றிப் பேச வைத்தார். செமினார் என்பதைப் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கும் பார்ன்ஸ் கூடங்களில் ஓவியத்துக்குப் பக்கத்தில் விளக்க அட்டை கிடையாது. ஒரே சுவரில் செசான் ஓவியம், அதற்கு மேலே பழைய இரும்புக் கீல், பக்கத்தில் ஒரு சாவி, கீழே ஒரு நாற்காலி. கீலின் வளைவும் ஓவியத்துப் பெண்ணின் தோள் வளைவும் ஒன்றாக இருப்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். 2012இல் புறநகரிலிருந்து ஊருக்குள் மாற்றியபோதும் (பெரிய வழக்கு, பெரிய சண்டை, அது தனி இழைக்கான விஷயம்) ஒவ்வொரு சுவரையும் அவர் வைத்த வரிசையிலேயே மறுபடி அமைத்தார்கள்.

இரண்டாவது காரணம் உனக்கு இன்னும் நெருக்கமானது. ஃபிலடெல்ஃபியா கலை மியூசியத்துக்குள்ளே மதுரைக் கோயில் மண்டபம் ஒன்று நிற்கிறது. படமோ மாதிரியோ இல்லை, கருங்கல் தூண்கள், நிஜம். மேலமாசி வீதி மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்தது, 16ஆம் நூற்றாண்டு. 1912இல் ஆடலின் பெப்பர் கிப்சன் என்ற இந்த ஊர்ப் பெண் மதுரை வந்தபோது, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் அனுப்பினார். முதல் உலகப்போர் சமயத்தில் பிரான்சில் செவிலியர் பணியில் இருந்தபோது அவர் இறந்துபோக, 1919இல் குடும்பத்தார் அவர் நினைவாக அதை மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். நார்மன் பிரவுன் என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் அந்தக் கற்களை ஆராய்ந்து 1940இல் ஒரு நூலே எழுதினார். அவரே பின்னால் 1948இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறையைத் தொடங்கினார்.

இப்போது யோசித்துப் பார். குவியலாக வந்த கல். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் எந்தத் தூண் நின்றது? யார் முடிவு செய்தார்கள்? ‘வாங்கினார்’ என்றால் யாரிடம், யாருக்கு விற்க உரிமை இருந்தது? வழிபாட்டில் இருந்த இடம் மின்விளக்குக்குக் கீழே வந்ததும் என்ன ஆகிறது? ஒரு செமஸ்டருக்கு இந்த ஒரு மண்டபமே போதும்.

எடிசன்_மாமா

இந்த மண்டப விஷயம் எனக்குத் தெரியாதுங்க. ஒன்றரை மணி நேர தூரத்துல இருந்துக்கிட்டு ஒரு தடவைகூடப் போனதில்லை. வர்ற மாசம் வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்.

ஆனா நூலகி அம்மா, என் கேள்வி அப்படியேதான் நிக்குது. சுவாரசியமா இருக்குங்கறதுக்கும் ஆறு லட்சம் கொடுக்கறதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. கம்ப்யூட்டர் படிக்கற பிள்ளைக்கு இதுல கைக்கு என்ன கிடைக்கும்?

ஆறாவது_வருஷம்

மாமா, நியாயமான கேள்வி. இரண்டு பதில்.

முதல் பதில் உங்களுக்குப் பிடிக்கும். எம்.ஐ.டி.யில் எந்தப் பொறியியல் மாணவராக இருந்தாலும் பட்டத்துக்கு எட்டுப் பாடம் மானுடவியல் (இலக்கியம், வரலாறு போன்றவை), கலை, சமூக அறிவியல் பக்கம் எடுத்தே ஆக வேண்டும். அதில் ஒன்றாவது கலைப் பிரிவில் இருக்க வேண்டும். கொலம்பியாவில் 1947இலிருந்து ஓவிய அறிமுகமும் இசை அறிமுகமும் கல்லூரி மாணவர் எல்லாருக்கும் கட்டாயம், சின்னச் சின்ன வகுப்புகளாகத்தான் நடக்கும். ஆக, மதி இப்போது எடுக்காவிட்டாலும் பொதுப்பாடத் தேவைக்காக இந்த வகையில் ஏதோ ஒன்றைப் பின்னால் எடுக்கத்தான் போகிறாள். மூணாவது வருஷத்தில் எண்பது பேர் லெக்சரில் உட்கார்ந்து அதை முடிப்பதற்குப் பதில் இப்போது பதினைந்து பேரோடு முடிக்கலாம். அதே காசு.

இரண்டாவது பதில் அந்தத் திரை வன்முறை செமினார் பற்றியது. அதை எடுக்கிறாளோ இல்லையோ, கணினிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1960களின் கடைசியில் ஜார்ஜ் கெர்ப்னர் என்பவர் இதே ஃபிலடெல்ஃபியாவில், அன்னன்பர்க் தகவல்தொடர்புப் பள்ளியில், வருஷாவருஷம் ஒரு வாரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை மொத்தமாக எடுத்து, எத்தனை வன்முறைச் சம்பவம், யார் அடிக்கிறார், யார் அடி வாங்குகிறார் என்று ஆட்களை உட்கார வைத்து எண்ண வைத்தார். நிறைய டிவி பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தானதாக நினைக்கிறார்கள் என்ற அவருடைய கருத்து இங்கிருந்துதான் வந்தது. சண்டை எங்கே வந்தது தெரியுமா? கார்ட்டூனில் ஒருவர் தலையில் பாறை விழுந்தால் அது வன்முறையா? கெர்ப்னர் கணக்கில் சேர்த்தார். தொலைக்காட்சி நிறுவனங்கள் கொதித்தன.

இரண்டு பேர் ஒரே காட்சியைப் பார்த்து வேறு வேறு குறியீடு போட்டால் என்ன செய்வது? அவர்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்க ஒரு கணக்கு வேண்டும். அதே பள்ளியில் பேராசிரியராக இருந்த கிளவுஸ் கிரிப்பன்டார்ஃப் உருவாக்கிய ஆல்ஃபா அளவு அதற்குத்தான். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்குத் தரவைக் குறியிடும் குழுக்கள், ‘இந்த வாக்கியம் வசையா இல்லையா’ என்று நாலு பேரிடம் கொடுத்துவிட்டுக் கணக்குப் போடுவது அதே ஆல்ஃபாவைத்தான். கணினித்துறைக் கட்டுரைகளில் சர்வ சாதாரணமாக வரும். அது மீடியா படிப்பிலிருந்து வந்தது என்று என்னோடு படிக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது.

சும்மா_வந்தவன்

அப்போ பாறை விழுந்தா வன்முறையா இல்லையா?

ரீல்_சுத்தி

யார் தள்ளிவிட்டாங்கங்கறதைப் பொறுத்தது. தானா விழுந்தா விபத்து.

நதிக்கரை_நூலகி

இல்லை. விபத்தையும்கூட அவர் சேர்த்துக்கொண்டார். கதைக்குள்ளே பாறை தானாக விழாது, எழுதினவர் விழ வைத்தார் என்பதுதான் வாதம். பாருங்கள், செமினார் இங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஸ்காபரோக்காரன்

நான் ரொறன்ரோவில படிச்சனான். இஞ்சையும் முதல் வருசப் பிள்ளையளுக்கு 199 எண்டு பாட எண்ணோட சின்ன வகுப்புகள் இருக்கு. எல்லாரும் புகழுறியள், நான் கொஞ்சம் மற்றப் பக்கம் கதைக்கிறன், கோவிக்க வேண்டாம்.

‘கலை அறிமுகம்’ எண்டு போனால் என்ன இருக்கும்? பார்த்தினன், ரஃபேல், மைக்கேலாஞ்சலோ, ரெம்பிரான்ட், பிக்காசோ. எல்லாம் ஐரோப்பா. கொலம்பியாவின்ர அந்தக் கட்டாயப் பாடமே பல காலம் இந்த வரிசைதான். எங்கட சனத்தின்ர கலை வந்தால் அது ‘பண்பாடு’ எண்ட பெட்டிக்குள்ள, வேற கட்டடத்தில, வேற பாட எண்ணில வரும். மியூசியத்திலயும் அப்பிடித்தான். நூலகி அக்கா சொன்ன மண்டபம் நல்ல உதாரணம்தான், ஆனால் அதைப் பற்றிக் கதைக்கிற பிள்ளையைப் பாத்து வாத்தியார் என்ன கேப்பார் தெரியுமோ? ‘உங்கட பண்பாட்டில இதுக்கு என்ன அர்த்தம்?’ மேசையில பதினைஞ்சு பேர் திரும்பிப் பாப்பினம். தங்கச்சிக்கு விஷ்ணு கோயிலைப் பற்றி என்ன தெரியுமோ தெரியாதோ, அவதான் அண்டைக்கு முழு இந்தியா.

மீடியா வகுப்பு எனக்கு ஏன் பிடிச்சதெண்டால், ஸ்டூவர்ட் ஹால். ஜமேக்காவில பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர். பர்மிங்ஹாமில 1964இல தொடங்கின பண்பாட்டு ஆய்வு மையத்தைப் பிறகு நடத்தினவர். 1973இல அவர் எழுதின ஒரு கட்டுரை இப்பவும் எல்லா அறிமுக வகுப்பிலயும் வரும். செய்தி ஒண்டை அனுப்புறவன் நினைச்ச மாதிரியே வாங்குறவன் எடுப்பான் எண்டு இல்லை. அப்பிடியே ஏற்கலாம், கொஞ்சம் ஏற்றுக் கொஞ்சம் மாத்தலாம், முழுக்க எதிர்த்தும் வாசிக்கலாம். 2009இல கனேடியத் தொலைக்காட்சியில எங்கட ஆக்கள் நெடுஞ்சாலையை மறிச்ச செய்தியை எங்கட வீட்டில அம்மா ஒரு மாதிரியும், வேலையிடத்தில மற்ற ஆக்கள் இன்னொரு மாதிரியும் பாத்தவை. அந்தக் கட்டுரையை வாசிச்ச அண்டைக்குத்தான் அது ஏன் எண்டு விளங்கினது. அந்த மையத்தை 2002இல மூடிப்போட்டினம், அது வேற கதை.

நதிக்கரை_நூலகி

@ஸ்காபரோக்காரன் நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை. அதனால்தான் நான் மதனகோபால சுவாமி மண்டபத்தைச் சொன்னேன், வெறும் வெண்கலச் சிலையைச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி ஃபிலடெல்ஃபியாவைப் பற்றியவை. கிப்சன் குடும்பம் யார், 1912இல் ஒரு அமெரிக்கப் பெண்ணுக்குக் கோயில் தூண் ஏன் வேண்டியிருந்தது, மியூசியம் 1940இல் அதை எப்படி நிறுத்தியது, 2016இல் ஏன் மறுபடி மாற்றி அமைத்தது. இதற்கு விடை சொல்ல வேண்டியது அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் பென்சில்வேனியாப் பையன். மதி அவனைத் திரும்பிப் பார்க்கலாம்.

ஸ்காபரோக்காரன்

ம். அது நல்ல கதை. ஆனால் வாத்தியார் அப்பிடி நடத்துவாரோ எண்டது அவரைப் பொறுத்தது. தங்கச்சி, சிலபஸில என்ன வாசிக்கத் தருகினம் எண்டு பாத்துப்போட்டு முடிவெடுங்கோ. பாடத் தலைப்பை நம்பாதேங்கோ.

ஆறாவது_வருஷம்

இதை அப்படியே வழிமொழிகிறேன். தலைப்புகள் எல்லாம் ஆள் பிடிக்க எழுதப்பட்டவை. சிலபஸில் நான் பார்ப்பது: முதல் மூணு வாரத்தில் மாணவர்கள் எதையாவது நேரில் பார்க்கிறார்களா, இல்லை வாசிப்பு மட்டும்தானா, ஒரு வாரத்துக்கு ஒரு பொருளா, ஒன்பது பொருளா. ஒன்பது என்றால் ஓடிவிடு.

ஹார்வர்டில் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் தன் மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலை பிரபலமானது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஒரே ஒரு ஓவியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதையும் படிப்பதற்கு முன்னால் அதன் எதிரில் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், தோன்றுவதையெல்லாம் குறித்துக்கொண்டு. 2013இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரே செய்து பார்த்தது, பாஸ்டன் மியூசியத்தில் காப்ளி என்ற ஓவியர் 1765இல் வரைந்த ஓவியம்: ஒரு பையன், சங்கிலியில் கட்டிய ஒரு பறக்கும் அணில், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். பையனின் காது வடிவமும் அணிலின் வயிற்றோர மயிர் வளைவும் ஒன்று என்று தெரிய அவருக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் அகலம் கீழே இருக்கும் டம்ளரின் வாயகலம் அளவே என்று தெரிய 21 நிமிஷம். பின்னால் தொங்கும் திரையின் சுருக்கங்களில் அதே காதும் கண்ணும் ஒளிந்திருக்கின்றன என்று தெரிய 45 நிமிஷம். அந்தத் துறையில் ஊறியவருக்கே அவ்வளவு நேரம்.

மாமா கேட்ட ‘கைக்கு என்ன கிடைக்கும்’ என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடியான விடை இதுதான். எனக்கு இப்படித் தோணுது என்று அங்கே சொன்னால் விடமாட்டார்கள். எங்கே, எந்த மூலையில், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பார்கள்.

எடிசன்_மாமா

மூணு மணி நேரமா. எங்க பையன் மூணு நிமிஷம் ஒரு இடத்துல நின்னா நான் கோயிலுக்கு மொட்டை போடறேன்.

கொள்ளிடம்_மதி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலபஸ் பார்த்துவிட்டேன். மியூசிய வகுப்பில் பதினாலு வாரத்துக்கு ஆறே பொருட்கள். முதல் வாரமே நேரில். அந்த மண்டபமும் ஆறில் ஒன்று! திரை வன்முறை வகுப்பில் வாரத்துக்கு எண்பது பக்கம் வாசிப்பு.

எனக்கு இப்போது இருக்கும் பயம் வேறு. பேசுவதற்கு 25 சதவீத மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் டீச்சர் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வோம், அவ்வளவுதான். நாமாகப் பேச ஆரம்பிப்பது பழக்கமே இல்லை. என் ஆங்கிலம் எழுத்தில் ஓகே, பேசும்போது மனசுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் விவாதம் அடுத்த இடத்துக்குப் போய்விடும். இன்னொன்று, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது என்று சிலபஸில் ஒரு பத்தி. இலக்கணம் திருத்தக்கூடக் கூடாதா? ஒத்துவரவில்லை என்றால் நடுவில் விட முடியுமா?

ஆறாவது_வருஷம்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம், கடைசித் தேதி கல்விக் காலண்டரில் இருக்கும். ஆனால் நீ எஃப்-1 (மாணவர்) விசாவில் வருகிறாய், முழுநேர மாணவியாகப் பதிந்திருக்க வேண்டும். ஒன்றை விடுவதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேள். இதில் யார் வாய்ப்பேச்சையும் நம்பாதே, என்னுடையதையும் சேர்த்து.

இலக்கணத் திருத்தம்: பேராசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேள். அப்படிக் கேட்பதால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எழுத்து உதவி மையம் என்று ஒன்று இருக்கும், மனிதர்கள் உட்கார்ந்து உன் வரைவைப் படிப்பார்கள், இலவசம். அது எல்லா வகுப்பிலும் அனுமதி.

பேச்சு: வகுப்பு தொடங்கிய முதல் பத்து நிமிஷத்துக்குள் வாயைத் திற. தாமதிக்கத் தாமதிக்கக் கஷ்டம். அதற்கு வீட்டிலேயே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போ. பக்க எண்ணோடு, அல்லது பொருளின் எந்த இடம் என்பதோடு. ‘இந்தத் தூணின் அடிப்பாகம் மட்டும் ஏன் வழவழப்பாக இருக்கிறது?’ இவ்வளவு போதும். அது பேச்சு. நீளமாக, தத்துவமாகப் பேசும் ஒரு பையன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். அவனைப் பார்த்து மிரளாதே, அவன் பெரும்பாலும் வாசித்திருக்க மாட்டான்.

அப்புறம் பேராசிரியரின் சந்திப்பு நேரம். நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே போவதே இல்லை, ஏதோ தப்பு செய்தால்தான் போக வேண்டும் என்று நினைக்கிறோம். இரண்டாவது வாரமே போ. ‘வகுப்பில் பேச எனக்கு நேரம் எடுக்கிறது’ என்று நேராகச் சொல். பதினைந்து பேர் வகுப்பில் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு உன்னைப் பேச அழைப்பார்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றால் உன்னை முகம் தெரிந்து எழுதக்கூடிய ஒரே பேராசிரியர் இவராகத்தான் இருப்பார், மாமா இதையும் ரெஸ்யூமே கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

ஸ்காபரோக்காரன்

எண்பது பக்கம் எண்டதைப் பாத்துப் பயப்பிட வேண்டாம். ஆனால் முதல் செமஸ்டரில கால்குலசோட, குளிரோட, சமையலோட அது கூடத்தான். நான் மீடியாக் கட்சி எண்டாலும் சொல்லுறன், முதல்ல மியூசியத்தை எடுங்கோ. மற்றதை அடுத்த வருசம் பாக்கலாம்.

எடிசன்_மாமா

அப்பாகிட்ட நான் சொன்னதாச் சொல்லு கண்ணு: புள்ளியியலை ரெண்டாவது செமஸ்டர்ல கட்டாயம் எடுக்கறேன்னு எழுதிக் கொடுத்துட்டு இதை எடு. எழுத்துல கொடு. அப்பாக்களுக்கு எழுத்துல இருந்தாத்தான் தூக்கம் வரும்.

கொள்ளிடம்_மதி

எழுதியே கொடுத்தாச்சு மாமா, அம்மா சாட்சிக் கையெழுத்து!

அந்த 150 சொல் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தை இங்கே தமிழில் போடுகிறேன், வெட்டித் தள்ளுங்கள்:

“சிறு வயதிலிருந்தே கலையும் பண்பாடும் என்னை மிகவும் கவர்ந்தவை. ஆயிரமாண்டுப் பாரம்பரியம் மிக்க மண்ணிலிருந்து வருகிறேன். தொழில்நுட்பத்தையும் மானுடவியலையும் இணைக்க விரும்புகிறேன். எங்கள் ஊருக்கு அருகே ஸ்ரீரங்கம் கோயிலில் சேஷராயர் மண்டபம் இருக்கிறது. அதன் தூண்களில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கும். வெயில் நேரத்தில் அங்கே தூணில் சாய்ந்து உட்காருவோம். உங்கள் மியூசியத்தில் உள்ள மதுரை மண்டபத்தின் படத்தில் யாரும் சாய்ந்திருக்கவில்லை. சாயக்கூடாத தூணைப் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.”

ரீல்_சுத்தி

ஐயோ, அந்த ஸ்ரீரங்கம் வரியிலிருந்து ஆரம்பிம்மா. முன்னாடி இருக்கறது எல்லாம் டைட்டில் கார்டு.

நதிக்கரை_நூலகி

முதல் மூன்று வாக்கியத்தையும் எடுத்துவிடு. சிறு வயதிலிருந்தே கலையில் ஆர்வம் என்று அவர்களுக்கு வரும் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். தவளைப் படத்தோடு நின்றவள் என்று நீயே எங்களிடம் சொல்லியிருக்கிறாய், வேறு! சேஷராயர் மண்டபத்தை இன்னும் இரண்டு வாக்கியம் விரித்து எழுது. எந்தப் பக்கம் சாய்வீர்கள், கல் எப்படி இருக்கும், கூட யார் இருப்பார்கள்.

ஸ்காபரோக்காரன்

‘ஆயிரமாண்டுப் பாரம்பரியம்’ கட்டாயம் வெட்டுங்கோ. நான் சொன்ன பெட்டிக்குள்ள நீங்களே ஏறி இருக்கிறியள்.

கொள்ளிடம்_மதி

வெட்டியாச்சு. பாட்டி, தூணின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு, குதிரையின் கீழே இருக்கும் வீரனின் முழங்கால் மட்டும் கை பட்டுப் பட்டு மின்னுவது எல்லாம் சேர்த்தேன். இப்போது 171 சொல். எதை எடுக்க?

ஆறாவது_வருஷம்

‘தெரிந்துகொள்ள விரும்புகிறேன்’ இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்றை எடு. ‘தொழில்நுட்பத்தையும்’ இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதையும் எடு. பாட்டி, எண்ணெய், முழங்கால் மூணையும் தொடாதே. கெடு இன்றைக்கு ராத்திரி 11:59 என்றால் அது ஃபிலடெல்ஃபியா நேரம், உனக்கு நாளைக் காலை 9:29. அதுவரை காத்திருக்காமல் இப்போதே அனுப்பிவிட்டுத் தூங்கு.